ஆர்.வி. வண்டியில் யெல்லோஸ்டோன்: அப்பா அம்மாவோடு ஜூன் பயணம், யோசனை சொல்லுங்கள்

#1 லாஸ்பேட்டை கதிர், புதுச்சேரி

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பம் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. அடுத்த ஜூனில் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். மூவருக்கும் விசா கையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது அப்பாவின் விருப்பம். கடலூரில் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர். வெந்நீர் ஊற்றும் எரிமலை வாயும் கரும்பலகையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருக்கிறார். அதை நேரில் நின்று பார்க்க வேண்டும் என்கிறார்.

மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், ஆர்.வி. என்கிற மோட்டார் ஹோம் எடுக்கலாம் என்று சொல்கிறார். படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். பூங்காவுக்குள் முகாம் போடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை. மூச்சு தடைபடாமல் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் இயந்திரம் இரவு முழுக்க ஓட வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, அடிக்கடி கழிப்பறை போக வேண்டும். வெளிச்சாப்பாடு இரண்டு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. தங்கை மகளுக்கு 7 வயது. மொத்தம் ஆறு பேர்.

இந்த நிலையில் ஆர்.வி. சரிவருமா? எங்கே தங்குவது, எத்தனை நாள், எவ்வளவு முன்னால் பதிவு செய்ய வேண்டும்? போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 கெடிலக்கரை, கடலூர்

தம்பி, அப்பா ஆசையை நிறைவேற்றக் கிளம்பியிருக்கிறீர்கள், நல்லபடி நடக்கும். என் மகன் சியாட்டிலில் இருக்கிறான். அவனோடு நாங்களும் இதே மாதிரி வண்டியில்தான் யெல்லோஸ்டோன் போனோம். என் மனைவிக்கும் சர்க்கரைதான். அதனால் உங்கள் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதலில் வண்டியைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். நம்மவர்கள் பலரும் விமான டிக்கெட் எடுத்து, வண்டியும் பேசி முடித்து, கடைசியில் முகாம் தளம் தேடுகிறார்கள். அதற்குள் ஜூன், ஜூலை முழுக்க நிரம்பிவிடும். பூங்காவில் மொத்தம் 12 முகாம் தளங்கள் உண்டு. அதில் மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தையும் யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் லாட்ஜஸ் என்ற குத்தகை நிறுவனம் நடத்துகிறது. அவர்களிடம் ஓராண்டுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். மற்றவை பூங்கா நிர்வாகத்தின் கையில். அவற்றுக்கு ரிக்ரியேஷன் டாட் கவ் இணையதளத்தில் பதிவு.

இந்த 12-இல் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் வண்டியோடு இணைக்கும் வசதி ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க்கில் மட்டும்தான் உண்டு. மற்ற இடங்களில் வண்டியை நிறுத்தலாம், இணைப்பு கிடையாது. அப்பாவுக்கு இரவெல்லாம் இயந்திரம் ஓட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் வேறு யோசனையே வேண்டாம், ஃபிஷிங் பிரிட்ஜ் கிடைக்கும் தேதியில் பயணத்தை வையுங்கள். வண்டிகள் நெருக்கமாக நிற்கும், காட்டுக்குள் தனியாக இருக்கிற உணர்வு வராது. பரவாயில்லை. வெளியே வந்து சற்றுத் தூரம் போனால் யெல்லோஸ்டோன் ஏரி.

கிரிஸ்லி கரடி நடமாடும் இடம் என்பதால் அங்கே துணிக்கூடாரத்துக்கு அனுமதி இல்லை. கெட்டிச் சுவர் உள்ள வண்டி மட்டும்தான். வண்டிக்குள் படுக்கிற நமக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

#3 முத்தியால்பேட்டை ராஜி, புதுச்சேரி

கதிர், நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஆர்.வி. வேண்டாம். ஏழெட்டு மீட்டர் நீள வண்டி. தினமும் காலையில் இணைப்பைக் கழற்றி, பாத்திரத்தைப் பத்திரப்படுத்தி, அலமாரிக் கதவெல்லாம் பூட்டி, அப்புறம்தான் கிளம்ப முடியும். மாலையில் வந்து மறுபடி எல்லாம் மாட்ட வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களில் இவ்வளவு பெரிய வண்டிக்கு நிறுத்தமும் சுலபத்தில் கிடைக்காது. வாடகை ஒரு பக்கம், ஓடுகிற மைலுக்கு ஒரு பக்கம், எரிபொருள் இன்னொரு பக்கம். கூட்டிப் பார்த்தால் பூங்காவுக்குள் லாட்ஜில் இரண்டு அறை எடுத்து, தங்கையின் காரில் சுற்றும் செலவுக்கு அருகே வந்துவிடும். அம்மாவுக்கு நல்ல படுக்கை, விசாலமான குளியலறை கிடைக்கும். பீறிட்டு எழும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்தில் முகாம் தளமே கிடையாது, லாட்ஜ்தான் உண்டு. அறையிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். அப்பா பார்க்க வந்ததே அதைத்தானே?

#4 நெய்வேலி மின்பொறி, கடலூர் மாவட்டம்

மின்சாரம் பற்றி மட்டும் எழுதுகிறேன், அது என் தொழில்.

சிபாப் கருவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஓடும், பிளக் முனை மட்டும் மாற்றினால் போதும். நம் மிக்சி, இண்டக்‌ஷன் அடுப்பு, வெந்நீர்க் கெண்டி எதையும் எடுத்துப் போகாதீர்கள். 230 வோல்ட்டுக்குச் செய்தவை அங்கே சரியாக ஓடாது.

வாடகைக்கு வரும் நடுத்தர அளவு வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 3,600 வாட். ஏசி, மைக்ரோவேவ், தலைமுடி உலர்த்தி மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். ஒன்று ஒன்றாகப் பயன்படுத்தினால் தொல்லை இல்லை.

இணைப்பு இல்லாத தளங்களில் வண்டியின் 12 வோல்ட் பேட்டரிதான் கதி. இரவுக் குளிருக்கு ஹீட்டர் போடுவீர்கள். அது எரிவாயுவில் எரிந்தாலும், சூட்டை அறைக்குள் தள்ளும் மின்விசிறி பேட்டரியில்தான் ஓடும். அதோடு சிபாப், அதிலும் ஈரப்பதமூட்டி சேர்ந்தால், விடிவதற்குள் பேட்டரி இறங்கிவிட வாய்ப்பு அதிகம். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பூங்காவில் ஜெனரேட்டர் அனுமதிக்கும் தளங்களிலும் காலை 8 முதல் இரவு 8 வரைதான். கெடிலக்கரை ஐயா சொன்னதுதான் சரி. அப்பாவின் மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். இணைப்பு உள்ள தளம் கிடைத்தால் ஆர்.வி., இல்லையென்றால் ராஜி அம்மா சொல்கிற லாட்ஜ்.

#5 லாஸ்பேட்டை கதிர், புதுச்சேரி

அனைவருக்கும் நன்றி. அப்பாவின் கருவியைப் பார்த்தேன், 100–240 என்றுதான் இருக்கிறது.

ராஜி அக்கா, நீங்கள் சொன்ன லாட்ஜ் யோசனையை அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ரூம்ல அடுப்பு இருக்குமா?" இருக்காது. பாத்ரூம் விஷயத்திலும் பயப்படுகிறார். வழியில் எங்கே இருக்கும், எவ்வளவு தூரத்துக்கு ஒன்று இருக்கும் என்று இப்போதே கேட்கிறார். கடலூரிலிருந்து சென்னை போகவே அவருக்கு அந்தக் கவலைதான் முதலில் வரும்.

#6 வெள்ளிக்கடற்கரை சுதா, கடலூர்

கதிர் தம்பி, அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சமையலும் கழிப்பறையும் பற்றி நான் சொல்கிறேன், இதை ஆண்கள் யாரும் விவரமாக எழுத மாட்டார்கள்.

ஃபிஷிங் பிரிட்ஜ் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,350 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிட நூறு மீட்டருக்கு மேல் கூடுதல். அங்கே தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் பருப்பு வேகாது, சோறு விதை விதையாக நிற்கும். அதனால் சிறிய பிரஷர் குக்கர் ஒன்று கட்டாயம். தங்கையிடம் இல்லாமலா இருக்கும்? அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டும். இட்லி மாவு புளிக்க வைக்கிற வேலை வேண்டாம். ஜூனிலும் இரவில் உறைநிலைக்கு அருகே போகும், மாவு அப்படியே கிடக்கும். ரவை, சேமியா, அரிசி, துவரம்பருப்பு, வீட்டில் அரைத்த சாம்பார்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இவ்வளவு போதும். சால்ட் லேக் சிட்டியிலேயே இந்திய மளிகைக் கடைகள் உண்டு. இங்கிருந்து கறிவேப்பிலை, பழம், காய்கறி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பொடி வகைகளையும் மறைக்காமல் சுங்க அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

கருவாடு வேண்டவே வேண்டாம். நம் ஊர்க்காரர்கள் அது இல்லாமல் கிளம்ப மாட்டார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கரடிக்கு மோப்பம் மிகவும் கூர்மை. சமைத்த பாத்திரம், குப்பை, குளிர்பெட்டி, பற்பசைகூட வெளியே மேசைமேல் இருக்கக் கூடாது. எல்லாம் வண்டிக்குள், கதவு ஜன்னல் மூடி. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் கொட்டுவதும் குற்றம். மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்த கரடி மறுபடி மறுபடி ஆட்களைத் தேடி வரும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். நாம் ஒழுங்காக இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

இப்போது கழிப்பறை. வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீர், ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர், மூன்றாவது கழிப்பறைக் கழிவு. நம் பழக்கத்துக்குச் செம்பும் தண்ணீரும் வேண்டும், அதனால் கழிவுத் தொட்டி மற்றவர்களுக்கு நிரம்புவதைவிடச் சீக்கிரம் நிரம்பும். சுமார் 100 லிட்டர்தான் கொள்ளும். ஃபிஷிங் பிரிட்ஜில் தளத்திலேயே வடிகால் இருப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து விடலாம். ஒரு முக்கியமான விஷயம்: குழாய் மாட்டியிருக்கிறதே என்று கழிவுத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடி, கெட்டியானது அடியில் தங்கிக் காய்ந்துவிடும். மூடியே வைத்து, பாதிக்கு மேல் சேர்ந்ததும் திறக்க வேண்டும். முதலில் கழிவுத் தொட்டி, அது காலியானதும் குளியல் தண்ணீர்த் தொட்டி. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கென்று ஓர் ஆள், தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கு இன்னோர் ஆள் என்று பிரித்துவிடுங்கள். இரண்டு குழாயும் ஒரே பெட்டியில் கிடக்கக் கூடாது.

வெந்நீர்த் தொட்டி சிறியது, இருபத்து மூன்று லிட்டர் அளவு. ஒருவர் குளித்த பிறகு அடுத்தவர் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அந்த வளாகத்தில் பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் இடமும் இருக்கின்றன. இளையவர்கள் அங்கே போய்விட்டால் அப்பா அம்மாவுக்கு வண்டியில் வெந்நீர் மிச்சம்.

#7 ஊசுட்டேரி பறவை, புதுச்சேரி

இதை எல்லாம் படித்துவிட்டு ஒரு கேள்வி. இதே மாதிரி வண்டியில் நம் முதுமலை, பந்திப்பூர் பக்கம் போக முடியாதா? பெற்றோருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு ஒத்திகை பார்த்த மாதிரியும் இருக்கும்.

#8 கெடிலக்கரை, கடலூர்

புலிகள் காப்பகத்துக்குள் நம் விருப்பத்துக்கு வண்டியை நிறுத்திப் படுக்க முடியாது. காட்டுக்குள் தங்க வேண்டுமானால் வனத்துறை விடுதி. முதுமலை, பந்திப்பூர் வழிச் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை பொது வாகனங்களுக்குத் தடை. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேறு. யானை நடமாடும் இடத்தில் அதுதான் சரி. கேரளம் 2021-இல் 'கேரவன் கேரளா' என்று ஒரு கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்தது. ஒத்திகை வேண்டும் என்றால் அந்தப் பக்கம் பார்க்கலாம். உயரத்துக்கு ஒத்திகை வேண்டுமானால் ஊட்டியில் இரண்டு மூன்று இரவு தங்கிப் பாருங்கள், அதுவே போதும்.

#9 அரியாங்குப்பம் செவிலி, புதுச்சேரி

ஊட்டி யோசனை மிக நல்லது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 2,300 மீட்டர் உயரத்தில் முதல் இரண்டு நாள் தலைவலி, மூச்சு வாங்குதல், தூக்கம் கெடுதல் வரலாம். சால்ட் லேக் சிட்டியே சுமார் 1,300 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கி அடுத்த நாளே கிளம்பாமல், தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனால் உடம்பு பழகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் பயந்து பெரியவர்கள் தண்ணீரைக் குறைப்பார்கள், சர்க்கரை உள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது. இன்சுலின் போடுகிறார் என்றால் அது உறையாமலும் வெயிலில் சூடாகாமலும் வண்டியின் குளிர்பெட்டியில் நடுத்தட்டில் இருக்கட்டும். மருந்துச் சீட்டு, சிபாப் பற்றிய மருத்துவர் கடிதம், பயணக் காப்பீடு மூன்றும் கைப்பையில். பூங்காவுக்குள் லேக், ஓல்ட் ஃபெய்த்ஃபுல், மேமத் மூன்று இடங்களில் சிகிச்சை நிலையம் உண்டு. லேக் என்பது ஃபிஷிங் பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிளம்பும் முன் அப்பா அம்மாவின் மருத்துவரிடம் இந்த உயரத்தைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

#10 தூமா வீதி, புதுச்சேரி

இடையில் என் கேள்வி. நான் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரிக்காரன். எனக்கு அமெரிக்க விசா தேவையில்லை, ஈஸ்டா என்கிற இணையவழி முன் அனுமதி வாங்கினால் 90 நாள் வரை தங்கலாம். பூங்காக் கட்டணத்தில் வெளிநாட்டவருக்குத் தனி விலை என்கிறார்களே, அது எனக்கும் உண்டா?

#11 கெடிலக்கரை, கடலூர்

உண்டு. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குத் தனிக் கட்டணம். அதிகக் கூட்டம் வரும் 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வண்டிக் கட்டணம் 35 டாலர், ஏழு நாளுக்குச் செல்லும். ஆண்டு பாஸ் அங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250.

கதிர் தம்பிக்கு மூன்று பேர். தனித்தனியாகக் கட்டினால் கூடுதல் மட்டும் 300 டாலர். திரும்பும்போது கிராண்ட் டீட்டன் வழியாக வந்தால் அங்கும் கேட்பார்கள். ஆகவே மூவரும் ஒரே வண்டியில் இருந்து 250 டாலர் பாஸ் ஒன்று வாங்கும் பக்கம்தான் கணக்கு சாய்கிறது. தங்கையும் மாப்பிள்ளையும் தங்கள் உடா மாநில ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி 80 டாலர் பாஸ் வாங்கலாம். வாங்கும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

#12 முத்தியால்பேட்டை ராஜி, புதுச்சேரி

அடுப்பு, கழிப்பறை இரண்டையும் அம்மா கேட்ட பிறகு என் லாட்ஜ் வாதத்துக்குப் பாதி பலம் போய்விட்டது. ஆனாலும் நிறுத்தம் பற்றிச் சொன்னதை விட மாட்டேன். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்று இருக்கும் மிட்வே பகுதியில் காலை 9 மணிக்கு மேல் சிறிய காருக்கே இடம் கிடைப்பதில்லை. அங்கே இந்த வண்டியை எங்கே நிறுத்துவார்கள்? நீல நடுவும் சுற்றிலும் மஞ்சள், ஆரஞ்சு வளையமுமாக அமெரிக்காவிலேயே பெரிய வெந்நீர் ஊற்று அது. அந்த நிறங்கள் சூட்டில் வாழும் நுண்ணுயிர்களால் வருபவை. நிறுத்த இடமில்லாமல் அதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடந்து போனால் அப்பாவின் மனம் என்ன ஆகும்?

#13 கெடிலக்கரை, கடலூர்

ராஜி அம்மா கேட்பது நல்ல கேள்வி. இதற்கு விடை இரண்டு வண்டி. ஆறு பேருக்கு எப்படியும் தங்கையின் கார் ஒன்று இருக்கிறது. அதையும் ஓட்டிக்கொண்டு போங்கள். மாப்பிள்ளை ஆர்.வி., தங்கை கார். ஃபிஷிங் பிரிட்ஜில் ஆர்.வி. வீடு மாதிரி நிற்கட்டும். மின்சாரமும் குழாயும் ஒருமுறை மாட்டினால் கிளம்பும் நாள் வரை கழற்ற வேண்டாம். காலையில் சமைத்துக் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினால் நிறுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை.

தூரம் சொல்கிறேன். ஃபிஷிங் பிரிட்ஜிலிருந்து கேன்யன் 16 மைல், வெஸ்ட் தம்ப் 21 மைல். வெஸ்ட் தம்பிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் 17 மைல். அதாவது ஓல்ட் ஃபெய்த்ஃபுலுக்கு ஒரு பக்கம் 38 மைல், சுமார் 61 கிலோமீட்டர். கடலூரிலிருந்து விழுப்புரம் போவதைவிடக் கூடுதல். உச்ச வேகம் 45 மைல்தான், நடுவில் காட்டெருமை சாலையில் நின்றுவிட்டால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டும். எட்டு வடிவில் பூங்காவைச் சுற்றிவரும் கிராண்ட் லூப் சாலை மொத்தம் 142 மைல். அதை ஒரே நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

ஒரு நாள் மட்டும் ஆர்.வி.யையே வெளியே எடுங்கள். ஃபிஷிங் பிரிட்ஜுக்கும் கேன்யனுக்கும் நடுவில் ஹேடன் பள்ளத்தாக்கு. காட்டெருமைக் கூட்டம் அங்கேதான் மேயும். சாலையோரம் வண்டி நிறுத்த ஒதுக்கிய இடங்கள் உண்டு. அம்மா உள்ளேயே உட்கார்ந்து, காபி போட்டுக் குடித்து, கழிப்பறைக் கவலை இல்லாமல் அரை நாள் பார்க்கலாம். என் மனைவி இன்றுவரை பேசுவது அந்த அரை நாளைப் பற்றித்தான். காட்டெருமை, எல்க் மான் இவற்றிலிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாயிலிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பூங்காவில் ஆட்களை அதிகம் காயப்படுத்தும் விலங்கு காட்டெருமைதான். மாடு மாதிரி நிற்கிறதே என்று பேத்தியை அருகில் நிறுத்திப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

#14 முத்தியால்பேட்டை ராஜி, புதுச்சேரி

இரண்டு வண்டி என்றால் எனக்குச் சம்மதம். அப்புறம் கதிர், வண்டி ஓடும்போது அம்மா எழுந்து அடுப்படிப் பக்கமோ கழிப்பறைக்கோ போகக் கூடாது. பெல்ட் போட்டு உட்கார வேண்டும். வண்டி நின்ற பிறகுதான் எல்லாம். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை இருக்கும், ஏணி ஏற வேண்டும். அது உங்களுக்கோ மாப்பிள்ளைக்கோதான். பின்பக்கம் தனி அறை மாதிரி உள்ள வண்டியாகக் கேட்டு எடுங்கள், அப்பா அம்மா அங்கே படுக்கட்டும்.

#15 லாஸ்பேட்டை கதிர், புதுச்சேரி

எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவரே நோட்டில் வழித்தடம் எழுதிவிட்டார். இதோ:

சால்ட் லேக் சிட்டியில் ஒரு வாரம். அதன் பிறகு ஐடஹோ ஃபால்ஸ் வழியாக வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊர், சுமார் 320 மைல். இணைப்பு உள்ள தனியார் ஆர்.வி. பார்க்கில் அன்று இரவு. மறுநாள் மேற்கு வாசல் வழியாக உள்ளே போய் மேடிசன், நோரிஸ், கேன்யன் கடந்து ஃபிஷிங் பிரிட்ஜ். அங்கே ஐந்து இரவு. ஒரு நாள் கேன்யன் அருவி, ஒரு நாள் ஆர்.வி.யில் ஹேடன் பள்ளத்தாக்கு, ஒரு நாள் காரில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல், மிட்வே. ஒரு நாள் முழு ஓய்வு, ஏரிக்கரை. பிறகு தெற்கு வாசல், கிராண்ட் டீட்டன், ஜாக்சன். அங்கிருந்து விக்டர் வழியாக மறுபடி ஐடஹோ ஃபால்ஸ் வந்து வீடு.

அப்பா இன்னொன்றும் குறித்திருக்கிறார். சுமார் 6,40,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சரிந்த எரிமலைப் பள்ளத்தின் விளிம்பை எந்த இடத்தில் கடக்கிறோம் என்று சொல்ல வேண்டுமாம், வண்டியை நிறுத்த வேண்டுமாம்.

#16 கெடிலக்கரை, கடலூர்

ஐயாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். வெஸ்ட் தம்புக்கும் ஓல்ட் ஃபெய்த்ஃபுலுக்கும் நடுவில் கிரேக் கணவாயில் ஐசா ஏரி என்று ஒரு சிறு குளம் வரும். கண்டத்தின் நீர்ப்பிரிமேடு அதன் மேலேயே போகிறது. ஒரே குளத்துத் தண்ணீர் ஒரு பக்கம் பசிபிக்குக்கும் மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவுக்கும் ஓடுகிறது. புவியியல் ஆசிரியர் அங்கே கட்டாயம் இறங்க வேண்டும்.

திட்டத்தில் ஒரே மாற்றம். ஜாக்சனிலிருந்து விக்டர் போகும் சாலை டீட்டன் கணவாய். சரிவு 10 விழுக்காடு. பெரிய வண்டியின் பிரேக்குக்கு அது கடுமையான சோதனை. 2024 ஜூனில் அந்தச் சாலையின் ஒரு பகுதி மண்சரிவில் போய், தற்காலிகப் பாதை போட்டுத் திறந்தார்கள். அந்த வழி வேண்டாம். ஜாக்சனிலிருந்து 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஹோபேக், ஆல்பைன், ஆஃப்டன் என்று வாருங்கள். அதுவே சால்ட் லேக் சிட்டி பக்கம் கொண்டுவந்து விடும். வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் எழுதி ஓட்டுநர் எதிரே ஒட்டி வையுங்கள். பூங்காவுக்குள் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது, வரைபடத்தை முன்பே இறக்கிவைக்க வேண்டும்.

நீங்களும் ஓட்டுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஓராண்டு செல்லும். ஆனால் அதைக் காருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கச் சாலையில் அவ்வளவு நீள வண்டியை முதல்முறையாக ஓட்ட அது இடமல்ல.

#17 அரியாங்குப்பம் செவிலி, புதுச்சேரி

குழந்தைக்காக ஒன்று. வெந்நீர் ஊற்றுப் பகுதிகளில் மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்கக் கூடாது. தரை கெட்டியாகத் தெரியும், கீழே கொதிக்கும் நீர் இருக்கும். 2016 ஜூனில் நோரிஸ் பகுதியில் பாதையை விட்டு விலகி நடந்த ஓர் இளைஞர் ஊற்றில் விழுந்து இறந்தார். 2024 ஜூலையில் பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் திடீரென்று வெந்நீரும் பாறையும் வெடித்துச் சிதறின. தங்கை மகளின் கையை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும், அடுத்தது எப்போது என்று அங்கே எழுதிப் போட்டிருப்பார்கள். சுற்றிலும் பெஞ்சு உண்டு, அம்மா உட்கார்ந்தே பார்க்கலாம்.

#18 லாஸ்பேட்டை கதிர், புதுச்சேரி

திரும்பும் வழியை 89-ஆம் எண் சாலைக்கு மாற்றிவிட்டோம். ஐசா ஏரியை அப்பா சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். தங்கை நேற்று இரவு பதிவுத் தளத்தில் பார்த்ததில் ஃபிஷிங் பிரிட்ஜில் நாங்கள் நினைத்த வாரம் இல்லை, ஜூன் கடைசி வாரத்தில் ஐந்து இரவு தொடர்ச்சியாக இருந்தது. உடனே எடுத்துவிட்டார். விமான டிக்கெட்டை இனி அதற்கு ஏற்றபடி பார்க்கிறோம். பொங்கலுக்குப் பிறகு ஊட்டியில் மூன்று இரவு தங்கிப் பார்க்கவும் அப்பா ஒத்துக்கொண்டார்.

சுதா அக்கா, அம்மா கேட்கச் சொன்னார்: வத்தக்குழம்பு வாசனை கரடிக்குப் போகுமா?

#19 வெள்ளிக்கடற்கரை சுதா, கடலூர்

போகும், எல்லா வாசனையும் போகும். வண்டிக்குள் சமைத்து, சாப்பிட்டு, மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, குப்பையை அன்றன்றே கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டுவிட்டால் வத்தக்குழம்பு தாராளமாக வைக்கலாம். தாளிக்கும்போது மேலே உள்ள காற்றுப்போக்கியைப் போட்டுவிடச் சொல்லுங்கள், கூரையில் இருக்கும் புகை அலாரம் கடுகு வெடிக்கிற புகைக்கே கத்தும்.